கீப்-அலைவ் போட்டால் மெமரி ஏறுகிறது, எடுத்தால் அடித்ததெல்லாம் போகிறது: என்ன செய்வது?

8 நவம்பர் 2025, சனி இரவு: திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

ஏனுங்கண்ணா, பனியன் கம்பெனி ஒன்றில் உள்ளுக்குள்ளேயே ஓடுகிற சாஃப்ட்வேரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வியூ 3-ல் (வெப் திரைகள் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்) எழுதியது. ஆர்டர் ஷீட், துணி இன்வேர்டு, ஜாப் ஒர்க் டி.சி. (டெலிவரி சலான்), சம்பளம் எல்லாம் மேலே டேப் டேப்பாகத் திறக்கும். டேப் மாற்றினால் அடித்தது அழியக் கூடாது என்பதற்காக ரூட்டர் வியூவை (முகவரிக்கு ஏற்ற பக்கம் வந்து உட்காருகிற இடம்) சுற்றிக் கீப்-அலைவ் (விட்டுப்போன பக்கத்தை அழிக்காமல் வைத்திருக்கிற வியூவின் ஏற்பாடு) போட்டிருக்கிறோம். காலையில் பறக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கீபோர்டில் தட்டினால் எழுத்து விழவே நேரமாகிறது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடும்போது அவுட் ஆஃப் மெமரி என்று பக்கமே செத்துப்போகிறது. இது வியூவில் இருக்கிற மெமரி லீக், கீப்-அலைவை எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். சரிதானுங்களா?

9 நவம்பர், காலை

எடுக்க வேண்டாம் தம்பி. எடுத்தால் திங்கட்கிழமை காலையில் டி.சி. போடுகிறவர் உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்.

லீக் என்றால், இனி யாருக்கும் வேண்டாத ஒன்றை எங்கோ ஒரு கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. கீப்-அலைவ் பிடித்து வைத்திருப்பது நீங்கள் பிடிக்கச் சொன்னதை. எவ்வளவு பிடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வந்ததையெல்லாம் பிடிக்கிறது.

என்னென்ன பிடிக்கிறது என்று பாருங்கள். அந்தக் காம்பொனென்ட் (பக்கமாகவோ அதன் துண்டாகவோ எழுதிய பகுதி), அதன் டேட்டா முழுவதும், உள்ளே இருக்கிற குட்டிக் காம்பொனென்ட்கள், அவை வரைந்த டாம் மரம் (திரையில் தெரிகிற கட்டம், எழுத்து, பொத்தான் எல்லாம் பிரௌசருக்குள் இருக்கிற வடிவம்), அதில் கட்டியிருக்கிற லிசனர்கள் (தட்டுவது, அமுக்குவது போன்றவற்றுக்காகக் காத்திருக்கிற ஃபங்ஷன்கள்), ஓடுகிற டைமர்கள். டேப் மாறும்போது வியூ அந்த டாம் மரத்தைப் பக்கத்திலிருந்து கழற்றி, திரையில் இல்லாத ஒரு டிவ்வுக்குள் போட்டு வைக்கிறது. எதையும் அழிப்பதில்லை. நோம்பிக்கு மட்டும் எடுக்கிற பாத்திரத்தை அட்டாலியில் ஏற்றுகிற மாதிரி என்று நினைத்துத்தான் எல்லாரும் கேஷ் (திரும்ப வேண்டியிருக்கும் என்று எடுத்து வைப்பது) போடுகிறார்கள். அட்டாலிப் பாத்திரம் சோறு கேட்காது, கேஷில் இருக்கிற பக்கம் கேட்கும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ரூட்டர் வியூவுக்குள் இருக்கிற காம்பொனென்டுக்குக் கீ (ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிற அடையாளம்) என்ன கொடுத்திருக்கிறீர்கள்? கீப்-அலைவில் மேக்ஸ் (எத்தனை வரை வைக்கலாம் என்ற வரம்பு) போட்டிருக்கிறீர்களா?

9 நவம்பர், இரவு

தம்பி ப்ரோகிராம் கோடை அனுப்பியிருக்கிறார். நினைத்தபடிதான். கீ என்பது ஃபுல்பாத் (பக்கத்தின் முழு முகவரி), மேக்ஸ் இல்லை.

இந்த ஃபுல்பாத் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஒரு ஆர்டரிலிருந்து அடுத்த ஆர்டருக்குப் போனால் முகவரியில் எண் மட்டும்தான் மாறும். காம்பொனென்ட் அதேதான் என்பதால் வியூ பழையதையே திரும்பப் பயன்படுத்தும், பக்கம் புதிதாகத் திறந்த மாதிரி இருக்காது. அதற்கு மருந்தாகக் கீயில் முழு முகவரியையும் கொடுக்கிறோம். தனியாகப் பார்த்தால் நல்ல மருந்து. கீப்-அலைவோடு சேரும்போது, ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு முழு உருப்படி கேஷில் ஏறி உட்காருகிறது. ஒரு மெர்ச்சண்டைசர் காலையிலிருந்து 40 ஆர்டர் திறந்து பார்த்தால் 40 ஆர்டர் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன. முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டுத் தேடல் வார்த்தையும் பக்க எண்ணும் சேர்ந்தால், ஒரே பட்டியலின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் எல்லாம் தனித்தனி உருப்படி.

டேப்பை மூடினால் கேஷிலிருந்து போய்விடும் என்று நினைத்திருந்தேன் என்கிறார். டேப் பட்டை நாமாக வரைந்தது. அதில் பெருக்கல் குறியைத் தட்டினால் பட்டையிலிருந்து பெயர் போகும், அவ்வளவுதான். கேஷுக்கு அந்தச் செய்தி போகாது. எவற்றை வைக்கலாம் என்று கீப்-அலைவுக்குச் சொல்கிற இன்க்ளூட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால்தான் போகும். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: இன்க்ளூட் பார்ப்பது காம்பொனென்டின் பெயரை, கீயை இல்லை. 40 ஆர்டர் பக்கங்களுக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்றை மட்டும் விலக்க வழியில்லை. விலக்கினால் நாற்பதும் போகும். ஒவ்வொரு டேப்புக்கும் தனிப் பெயர் வைத்த மேலுறைக் காம்பொனென்ட் ஒன்றைச் செய்து தப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் அதற்கு முன்னால் இத்தனை ஆர்டர் பக்கங்களை வைத்திருக்கவே வேண்டுமா என்று கேட்க வேண்டும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

11 நவம்பர்

அளக்காமல் பேசுவதில் பிரயோசனமில்லை. நான் அளக்கிற முறையை எழுதுகிறேன், இதே வரிசையில் செய்தால் நல்லது.

டெவலப்மென்ட் பில்டில் அளக்க வேண்டாம், புரொடக்‌ஷன் பில்டில் அளக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாத மறைநிலை ஜன்னலில் திறங்கள். உள்ளே நுழைந்து எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று திறந்துவிடுங்கள், ஏனென்றால் முதல் தடவை இறங்குகிற கோடும் எழுத்துருவும் கணக்கைக் குழப்பும். டெவ்டூல்ஸில் (பிரௌசருக்குள்ளேயே இருக்கிற டெவலப்பர் கருவிகள்) மெமரி பகுதிக்குப் போய், குப்பை திரட்டும் (யாரும் பிடிக்காத மெமரியைக் காலி செய்யும்) பொத்தானை அமுக்கி, ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் மெமரியில் இருக்கிற பொருள்களின் பட்டியல்). அடுத்து, வேறு வேறு ஆர்டர்களாகக் கொஞ்சம் திறந்து மூடி, திரும்பக் குப்பை திரட்டி, இரண்டாவது. அதே மாதிரி இன்னொரு சுற்று, மூன்றாவது.

முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஏறினால் பயப்பட வேண்டாம், கேஷ் நிரம்புகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அதே அளவு ஏறினால்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டு, எந்த வகைப் பொருள் கூடியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கீழே ரிடெய்னர்ஸ் என்று ஒரு பகுதி வரும். இந்தப் பொருளை யார் பிடித்திருக்கிறார், அவரை யார் பிடித்திருக்கிறார் என்று சங்கிலி மேலே போகும். பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் அதுதான். சங்கிலி கீப்-அலைவின் கேஷ் மேப்பில் போய் முடிந்தால், அது நீங்கள் வைக்கச் சொன்னது. விண்டோவில் கட்டிய ரீசைஸ் லிசனரிலோ நிறுத்தாத ஒரு டைமரிலோ போய் முடிந்தால், அது லீக்.

ஷாலோ சைஸ், ரிடெய்ன்டு சைஸ் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது அந்தப் பொருள் தான் மட்டும் பிடிக்கிற இடம். இரண்டாவது, அது போனால் அதோடு சேர்ந்து எவ்வளவு இடம் விடுதலையாகும் என்பது. சின்னஞ்சிறு ஃபங்ஷன் ஒன்று சில பைட் எடைதான் இருக்கும், அது பிடித்திருக்கிற கட்டிங் ரிப்போர்ட் முழுசும் அதன் பின்னால் தொங்கும். இரண்டாவது எண்ணை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள்.

அளக்கிற கம்ப்யூட்டர் எது என்பதும் முக்கியம். நம் மேசையில் இருக்கிற 16 ஜிபி லேப்டாப்பில் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. நான் போய்ப் பார்க்கிற யூனிட்டுகளில் சம்பளம் போடுகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் 4 ஜிபி. அதிலேயே டேலி ஓடும், வாட்ஸ்அப் வெப் ஓடும். அங்கே போய் அளக்க வேண்டும்.

12 நவம்பர்

"டிடாச்டு என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறதுங்கண்ணா, எல்லாம் லீக்தானே" என்கிறார்.

இல்லை. கீப்-அலைவ் வைத்திருக்கிற பக்கம் ஒவ்வொன்றும் பக்கத்திலிருந்து கழற்றிய டாம்தான், ஸ்னாப்ஷாட்டில் டிடாச்டு என்றுதான் வரும். இணையத்தில் இருக்கிற பாதிக் குறிப்புகள் டிடாச்டு கண்டால் லீக் என்று எழுதிவைத்து ஆட்களை அலையவிடுகின்றன. எத்தனை இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. மேக்ஸ் போட்ட பிறகும் அந்த எண் ஒரு மட்டத்தில் நிற்காமல் ஏறுகிறதா என்பதைப் பாருங்கள்.

12 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. கான்சோலில் அச்சடித்த பொருளை டெவ்டூல்ஸ் பிடித்துக்கொள்ளும். ஆர்டரை முழுசாகக் கான்சோலில் கொட்டுகிற வரி கோடில் இருந்தால், அளக்கும்போது தெரிகிற லீக்கில் பாதி அந்த வரியின் வேலையாக இருக்கலாம். முதலில் அவற்றை நீக்குங்கள்.

13 நவம்பர்

ஸ்னாப்ஷாட்டில் வராத மெமரியும் உண்டு. டாஷ்போர்டில் சார்ட் வைத்திருப்பதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

சார்ட் வரைகிற கேன்வாஸ் ஒரு புள்ளிக்கு 4 பைட் எடுக்கும். 800-க்கு 400 அளவுள்ள சார்ட் என்றால் 12,80,000 பைட். திரை இரட்டை அடர்த்தி என்றால் நான்கு மடங்கு, 5 எம்பியைத் தாண்டும். ஒரு டாஷ்போர்டில் ஆறு சார்ட், கேஷில் அப்படி மூன்று டாஷ்போர்டு என்று போட்டுப் பாருங்கள். ஹீப் ஸ்னாப்ஷாட் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக் கணக்கைத்தான் காட்டும், இது அதில் வராது. குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்கினால் குரோமுக்கே உரிய டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டேப்பின் மொத்த மெமரி ஒரு கட்டத்திலும் ஜாவாஸ்கிரிப்ட் மெமரி தனிக் கட்டத்திலும் இருக்கும் (இரண்டாவது தெரியவில்லை என்றால் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்). முதலாவது எகிறி இரண்டாவது சும்மா இருந்தால் கேன்வாஸையும் படங்களையும் சந்தேகப்படுங்கள்.

படம் என்றதும் துணி சாம்பிள் நினைவுக்கு வருகிறது. போனில் எடுத்த 4000-க்கு 3000 படம் ஃபைலாக 3 எம்பி இருக்கும். திரையில் காட்டுவதற்காகப் பிரிக்கும்போது 48 எம்பி. கலர் ஒப்பிட என்று ஒரே பக்கத்தில் பத்துப் படம் காட்டுகிறார்கள். திரையை விட்டுப் போன படங்களைப் பிரௌசர் தானாக இறக்கிவிடும், ஆனாலும் சின்ன அளவில் ஒரு நகல் செய்து காட்டினால் இந்தக் கவலையே இல்லை. அப்லோடுக்கு முன் முன்னோட்டம் காட்ட ப்ளாப் முகவரி (மெமரியில் இருக்கிற ஃபைலுக்குத் தற்காலிக முகவரி) உண்டாக்கினால், முடிந்ததும் அதை ரிவோக் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிரௌசர் டேப்பை மூடுகிற அல்லது புதுப்பிக்கிற வரை அந்த ஃபைல் போகாது.

ஈசார்ட்ஸ் என்ற சார்ட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் காம்பொனென்ட் அழியும்போது டிஸ்போஸ் அழைக்க வேண்டும். மறைந்திருக்கும்போது ரீசைஸ் அழைக்கக் கூடாது. அப்போது அதன் அகலம் பூஜ்யம், திரும்பி வரும்போது சார்ட் காணாமல் போயிருக்கும். ஆக்டிவேட்டட் ஹுக்கில் (மறைந்த பக்கம் திரும்பத் திரைக்கு வரும்போது வியூ ஓட்டுகிற ஃபங்ஷன்) ஒரு தடவை ரீசைஸ் போதும்.

16 நவம்பர், ஞாயிறு

நேற்று பல்லடம் பக்கம் ஒரு யூனிட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். சம்பளம் போடுகிற அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவர் மடியில் செக்கிங் மேசையிலிருந்து வந்த நோட்டு. ஓவர்லாக், பிளாட்லாக் ஆட்களுக்குப் பீஸ் ரேட், மற்றவர்களுக்கு ஷிஃப்ட் கணக்கு. ஒரு பெயரில் ஆறு நாள் பீஸ் எண்ணிக்கையை அடிக்கிறார். அந்த ஆள் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா என்று பார்க்க அட்வான்ஸ் பக்கம். விட்டுப்போன நாள் இருந்தால் வருகைப் பக்கம். உடனே திரும்பச் சம்பளம். விரல் திரையைப் பார்க்காமலே போகிறது. அந்த மூன்று பக்கங்களுக்குள்ளேயேதான் சாயங்காலம் வரை சுற்றுகிறார். அவர் ஆர்டர் ஷீட்டை நாளெல்லாம் திறக்கவே இல்லை.

மாடியில் மெர்ச்சண்டைசர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு ஆர்டரைத் திறக்கிறார், தேதியைப் படித்துச் சொல்கிறார், அடுத்ததைத் திறக்கிறார். பார்த்ததற்குத் திரும்பிப் போவது அபூர்வம். அவருடைய பிரௌசரில்தான் பக்கங்கள் மலையாகக் குவிகின்றன, ஒன்றுகூட அவருக்கு உதவுவதில்லை.

ஒரே சாஃப்ட்வேர், ஒரே கீப்-அலைவ். கீழே அது இல்லாமல் அக்காவால் வேலை செய்ய முடியாது. மேலே அது வெறும் சுமை. எந்தப் பக்கத்தைக் கேஷ் செய்வது என்பதைக் கோடைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. யார் எந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருகிறார், வரும்போது அங்கே என்ன இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், இது தெரிந்தால்தான் இன்க்ளூட் பட்டியல் எழுத முடியும்.

அதனால் தம்பி, உங்களுக்கு: சம்பளம், அட்வான்ஸ், வருகை, டி.சி. அடிக்கிற ஃபார்ம், இவை மட்டும் பட்டியலில். ஆர்டர் விவரம் வேண்டாம். ஆர்டரின் டேட்டாவை வேண்டுமானால் டான்ஸ்டாக் குவெரி (சர்வரிலிருந்து வந்த டேட்டாவைக் கேஷ் செய்கிற லைப்ரரி) மாதிரி ஒன்றில் வையுங்கள். பக்கத்தை அழித்துவிட்டு டேட்டாவை மட்டும் வைத்தால் எடை மிகக் குறைவு. யாரும் பார்க்காத டேட்டாவை அது 5 நிமிடத்தில் தானே தள்ளிவிடும், அந்த அளவை மாற்றவும் முடியும்.

16 நவம்பர், இரவு

மேக்ஸ் எவ்வளவு போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 10 போடு என்று யாரோ பதில் சொல்லியிருக்கிறார். எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆபத்து.

மேக்ஸ் தாண்டினால் வியூ எதைத் தள்ளும்? ரொம்ப நேரமாகத் தொடாத பக்கத்தை. இந்த முறைக்கு ஒரு பழைய பலவீனம் இருக்கிறது. ஒருவர் ஆறு பக்கங்களை வரிசையாகச் சுற்றுகிறார், மேக்ஸ் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வரும்போது முதல் பக்கம் போகும். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தால் அது இல்லை, புதிதாகச் செய்யும்போது இரண்டாம் பக்கம் போகும். அடுத்து வேண்டியது இரண்டாம் பக்கம். இப்படி ஒவ்வொரு தடவையும் அடுத்து வேண்டியதையே தள்ளிக்கொண்டு போகும். மெமரியும் போகிறது, பலனும் பூஜ்யம். அக்கா சுற்றுவது மூன்று பக்கம், அதனால் நான்கோ ஐந்தோ போதும். சுற்று நீளமானால் எண்ணும் அதைத் தாண்டி இருக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. தள்ளும்போது வியூ யாரையும் கேட்காது. பாதி அடித்த டி.சி. அந்தப் பக்கத்தில் இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் போகும், மேலே டேப் பட்டையில் பெயர் மட்டும் இருக்கும். ஆகவே பாதி அடித்ததைக் காம்பொனென்டை நம்பி விடாதீர்கள்.

17 நவம்பர்

மேலே சொன்னதன் தொடர்ச்சி. பாதி அடித்த டி.சி. என்பது என்ன? பார்ட்டி பெயர், லாட் எண், கலர், ரோல், கிலோ. ஜேசனாக்கினால் சில கிலோபைட். அதைக் காப்பாற்ற ஒரு முழுப் பக்கத்தை உயிரோடு வைக்கிறோம். அந்தச் சில கிலோபைட்டை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரௌசரை மூடினாலும் அழியாத சேமிப்பு) எழுதிவிட்டால் பக்கம் போனாலும் கவலையில்லை. செஷன் ஸ்டோரேஜ் (பிரௌசர் டேப்போடு போகிற சேமிப்பு) போதாதா என்றால், சாதாரண நாளுக்குப் போதும். நம் பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்கென்று லைன் ஆஃப் செய்கிறார்கள், யூ.பி.எஸ். பாட்டரி செத்த கம்ப்யூட்டர் எல்லா யூனிட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதனால் நான் லோக்கல் ஸ்டோரேஜ் பக்கம்.

குரோமில் மெமரி சேவர் வந்த பிறகு இது இன்னும் அவசியம். பின்னால் கிடக்கிற பிரௌசர் டேப்பைப் பிரௌசரே இறக்கிவிட்டு, திரும்பத் தொட்டால் புதிதாக ஏற்றும். அப்போது உங்கள் கீப்-அலைவ் கேஷ் முழுவதும் போயிருக்கும்.

18 நவம்பர்

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பெட்ஷீட், லுங்கி மொத்த வியாபாரத் தளம், நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது) சர்வரில் பக்கத்தை வரைந்து அந்த எச்.டி.எம்.எல். துண்டுகளை ஒரு மேப்பில் (கீயும் அதற்கான மதிப்புமாக வைக்கிற பட்டியல்) கேஷ் செய்கிறாராம். சர்வர் மெமரி ஏறி, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதாம்.

இதுவும் அதே கேள்விதான், இடம் மட்டும் வேறு. பிரௌசரில் ஒரு ஆளின் கேஷ் அவர் பிரௌசர் டேப்பையே மூடினால் போய்விடும். சர்வரில் எல்லாருடையதும் சேரும், யாரும் மூடுவதில்லை. மூன்று இடம் பாருங்கள். அளவு கட்டாத மேப் என்றால் நின்றே ஆகாது. கீயில் முழு முகவரி இருந்தால், ஃபேஸ்புக்கிலிருந்து வருகிற இணைப்பின் வாலில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு தனி அடையாளக் குறி ஒட்டிக்கொண்டு வரும். ஒரே லுங்கிப் பக்கம் ஆயிரம் கீயில் ஆயிரம் நகலாக நிற்கும், ஒன்றுகூட இரண்டாம் தடவை கேட்கப்படாது. கீ செய்யும்போது வேண்டிய பாராமீட்டரை மட்டும் பொறுக்கி எடுங்கள். மூன்றாவது, ஒரே சர்வரில் நான்கு ஒர்க்கர் (ஒரே ப்ரோகிராமின் தனித்தனி ஓட்டம்) ஓட்டினால் நான்கு மேப், நான்கு நகல்.

ரெடிஸுக்கு (மெமரியில் டேட்டா வைக்கிற தனி சர்வர்) மாற்றலாம். மாற்றினாலும் அப்படியே விடக் கூடாது: 64 பிட்டில் மேக்ஸ்மெமரி வரம்பு இல்லாமல்தான் வரும், வரம்பு வைத்தாலும் கொள்கை நோ-எவிக்‌ஷன் என்றுதான் இருக்கும். நிரம்பினால் பழையதைத் தள்ளாது, புதிதாக எழுதப் போனால் பிழை கொடுக்கும். கேஷுக்கென்றே வைத்த ரெடிஸில் ஆல்கீஸ்-எல்.ஆர்.யு. (ரொம்ப நேரமாகத் தொடாததைத் தள்ளுகிற கொள்கை) என்று மாற்றுங்கள். அது எல்லாக் கீயையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில்லை, வழக்கமாக 5 கீயை எடுத்து அதில் பழையதைத் தள்ளுகிறது. வியாபாரத் தளத்துக்கு அது தாராளம்.

20 நவம்பர்

திருப்பூர்த் தம்பி சொல்கிறார்: ஆர்டர் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் மெமரி அடங்கிவிட்டது, ஆனால் சம்பளப் பக்கத்தில் அடிக்கும்போது இன்னும் இழுக்கிறது, நெட்வொர்க் பகுதியில் யாரும் கேட்காத அழைப்புகள் போகின்றன.

கேஷில் இருக்கிற பக்கம் சோறு கேட்கும் என்று முதல் குறிப்பில் சொன்னேனே, அதுதான் இது. மறைந்திருக்கிற காம்பொனென்டின் வாட்ச்கள் (ஒரு மதிப்பு மாறினால் ஓடுகிற ஃபங்ஷன்கள்) தூங்குவதில்லை. வருகைப் பக்கம் ரூட்டில் (பக்கத்தின் முகவரியில்) இருக்கிற எண்ணை வாட்ச் செய்கிறது என்றால், நீங்கள் வேறு பக்கத்தில் எண்ணை மாற்றும்போது இதுவும் விழித்துக்கொண்டு, தனக்குச் சம்பந்தமில்லாத எண்ணை வைத்துச் சர்வரைக் கேட்கும். பீனியா ஸ்டோரில் (எல்லாப் பக்கங்களும் பகிர்கிற டேட்டா இடம்) ஒரு மதிப்பு மாறினாலும் அப்படியே. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற டைமரும் மறைந்தபடியே ஓடும்.

டைமரை ஆக்டிவேட்டட் ஹுக்கில் தொடங்கி டிஆக்டிவேட்டட் ஹுக்கில் (பக்கம் மறையும்போது ஓடுவது) நிறுத்துங்கள். மவுண்டட் ஹுக்கிலும் (பக்கம் முதலில் உண்டாகும்போது ஓடுவது) ஒரு தடவை தொடங்க வேண்டாம், முதல் தடவை பக்கம் வரும்போதே ஆக்டிவேட்டட் வந்துவிடும். இரண்டிலும் வைத்தால் இரண்டு டைமர் ஓடும். வாட்சின் முதல் வரியில் இப்போது திரையில் இருக்கிறேனா என்று ஒரு கொடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

22 நவம்பர்

சரவணம்பட்டியிலிருந்து ஒரு ரியாக்ட்காரர் (வியூ மாதிரி இன்னொரு லைப்ரரி): "எங்களுக்கு ரியாக்ட் மெமோ இருக்கிறது, இந்தத் தலைவலி இல்லை."

இரண்டும் வேறு வேறு வேலை. மெமோ பக்கத்தை மறைத்து வைப்பதில்லை. போன தடவை வந்த ப்ராப்ஸும் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து வருகிற மதிப்புகள்) இந்தத் தடவை வந்ததும் மேலோட்டமாக ஒன்றாக இருந்தால் திரும்ப வரையாமல் விடும். கடைசி ஒன்றைத்தான் வைத்திருக்கும், அதனால் மெமரி ஏறாது. ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்டோ புது ஃபங்ஷனோ அனுப்பினால் அது இருந்தும் பயனில்லை.

கீப்-அலைவுக்குச் சமமாக ரியாக்டில் வந்திருப்பது ஆக்டிவிட்டி, 2025 அக்டோபரில் 19.2-ல் வந்தது. மறைக்கும்போது ஸ்டேட்டையும் டாமையும் வைத்துக்கொண்டு எஃபெக்ட்களை (டைமர், லிசனர் போன்றவற்றைத் தொடங்குகிற பகுதிகள்) மட்டும் கழற்றிவிடுகிறது. முந்தாநாள் நான் டைமரைக் கையால் நிறுத்தச் சொன்னேன், அங்கே எஃபெக்டின் கிளீனப்பை ஒழுங்காக எழுதியிருந்தால் அது தானாக நடக்கும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. டாம் எடை அங்கேயும் இருக்கும், எத்தனை வைப்பது என்ற கேள்வியும் இருக்கும்.

ஆங்குலர் (இதுவும் ஒரு ஃப்ரேம்வொர்க்) ஆட்களுக்கு ஒரு வரி: பக்கங்களை எடுத்து வைக்கிற ரூட் ரீயூஸ் ஸ்ட்ராட்டஜியில் மேப் உங்களுடையது, வரம்பும் உங்கள் பொறுப்பு. மேப்பிலிருந்து தூக்கிவிட்டால் மட்டும் டெஸ்ட்ராய் ஹுக் ஓடாது, சப்ஸ்கிரிப்ஷன்கள் தொங்கும்.

23 நவம்பர்

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கணக்கு எழுதுகிறவர் சொன்னது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பில் போடுகிற பக்கம் கேஷில் இருந்திருக்கிறது. அன்றைய முட்டை விலை மாறிய பிறகும் அந்தப் பக்கம் முந்தின நாள் விலையையே காட்டியிருக்கிறது. லோடு போய்விட்டது. ஒரு முட்டைக்கு 5 பைசா வித்தியாசம் என்றாலும் ஒரு லட்சம் முட்டைக்கு 5,000 ரூபாய்.

மெமரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இது ஓரத்தில் நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிது. மெமரி போனால் பக்கம் சாகும், எல்லாருக்கும் தெரியும். பழைய விலை சாகாது, பில்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். விலை, இருப்பு, அட்வான்ஸ் பாக்கி மூன்றையும் ஆக்டிவேட்டட் ஹுக்கில் திரும்பக் கேளுங்கள். ஆள் அடித்த கட்டங்களைத் தொடாதீர்கள். எந்த நேரத்து விலை என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் காட்டுங்கள். சம்பளம் போடுகிற அக்காவின் அட்வான்ஸ் பக்கத்துக்கும் இது பொருந்தும். கீழே அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஆபீஸில் ஒருவருக்கு அட்வான்ஸ் எழுதுவார்கள்.

29 நவம்பர், சனி இரவு

தம்பி எழுதியிருக்கிறார்: இன்று சம்பளம் முடிகிற வரை பக்கம் சாகவில்லை. ஆனால் 300 பேர் பட்டியலில் நடுவில் இருந்து அட்வான்ஸுக்குப் போய்த் திரும்பினால் பட்டியல் உச்சிக்குப் போய்விடுகிறது, திரும்பி வரும்போது திரையில் ஒரு வெட்டும் (கொஞ்ச நேரம் உறைந்து நிற்பதும்) இருக்கிறது.

வெட்டு ஏன் என்றால், கேஷ் மிச்சப்படுத்துவது உண்டாக்கும் வேலையைத்தான். டாமைத் திரும்பப் பக்கத்தில் சொருகும்போது எது எங்கே என்று பிரௌசர் முழுவதையும் அளந்தாக வேண்டும். 300 பேர், ஆறு நாள், நாளுக்கு இரண்டு கட்டம் என்றால் 3,600 இன்புட், அவற்றைச் சுற்றியிருக்கிற செல்கள் தனி. ஒரு பக்கத்தில் 1,400 டாம் கணுக்களைத் தாண்டினாலே அதிகம் என்று லைட்ஹவுஸ் (பக்கத்தின் வேகத்தைச் சோதிக்கிற கருவி) காட்டிவந்தது. திரையில் தெரிகிற வரிசைகளை மட்டும் வரைகிற வர்ச்சுவல் பட்டியலுக்கு மாற்றுங்கள். மெமரியும் வெட்டும் இரண்டும் ஒரே வேலையில் இறங்கும். டேட்டாவை ஷாலோ ரெஃப் என்பதில் (உள்ளே இருக்கிற ஒவ்வொரு மதிப்பையும் வியூ கண்காணிக்காமல் விடுவது) வைத்தால் இன்னும் இலகுவாகும்.

உச்சிக்குப் போவதற்குக் காரணம், பக்கத்திலிருந்து கழற்றிய டாம் தன் ஸ்க்ரோல் இடத்தை இழந்துவிடும். டிஆக்டிவேட்டட் ஹுக்கில் எடுத்து வைக்கலாம் என்று போனால் பூஜ்யம்தான் கிடைக்கும், அதற்குள் கழற்றியாகிவிட்டது. ரூட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஓடுகிற நேவிகேஷன் கார்டு (guard) ஃபங்ஷனில் எடுங்கள். பிக்ஸலாக எடுக்காமல், மேலே தெரிகிற ஆளின் டோக்கன் எண்ணாக எடுங்கள். நடுவில் புது ஆள் சேர்ந்தாலும் சரியான வரிசைக்கே வரும். அப்புறம், சம்பளத்தை சேவ் செய்ததும் லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கிற நகலை அழிக்க வேண்டும். கீயில் வாரத் தேதியையும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை போன வாரப் பீஸ் கணக்கு வந்து நிற்கும்.